செந்தூல் மருந்துக் கடை: தூக்க மாத்திரை வீட்டில் இருந்தால் ஒருமுறை போய் உட்கார வேண்டிய இடம்

கோலாலம்பூரில், செந்தூல் எல்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், பழைய கடைவீட்டு வரிசையில், துணிக்கடைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் நடுவில் இருக்கிற ஒரு மருந்துக் கடையைப் பற்றி எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று அங்குள்ள மருந்தாளர் கேட்டுக்கொண்டார். "தமிழ்ல எழுதி ஒட்டித் தர்ற பார்மசி எது?" என்று செந்தூலில் யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். பால்மாவு, ஷாம்பு, கால்வலித் தைலம் வாங்குவதற்கு எந்தக் கடையும் ஒன்றுதான், இங்கே அலைந்து வர வேண்டியதில்லை. ஆனால் வீட்டில் யாராவது தூக்க மாத்திரையோ பதற்றத்துக்கான மாத்திரையோ சாப்பிடுகிறார்கள் என்றால், அதை எங்கே வாங்கியிருந்தாலும் சரி, எடுத்துக்கொண்டு ஒரு தடவை இங்கே போங்கள்.

அப்பாவுக்கு 76 வயது. செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா தவறிய பிறகு இரவெல்லாம் ஹாலில் உலாத்திக்கொண்டே இருந்தார். வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் லோராசெபாம் 1 மி.கி. கொடுத்தார்கள். அது வேலை செய்தது. துக்கத்தில் தூக்கம் தொலைத்த மனிதர் முதல் வாரத்தில் அசந்து உறங்கியதை நான் கண்ணால் பார்த்தேன், எங்கள் எல்லோருக்கும் உயிர் வந்தது போலிருந்தது. அதனால் அந்த மாத்திரையை வில்லனாக்க எனக்கு மனசில்லை. லோராசெபாம், டயாசெபாம், அல்பிரசோலாம் எல்லாமே பென்சோடயாசெபைன் என்ற ஒரே வகை. ரோஷ் கம்பெனியில் லியோ ஸ்டெர்ன்பாக் கண்டுபிடித்த லிப்ரியம் 1960இல் விற்பனைக்கு வந்தது, வேலியம் 1963இல். அதற்கு முன்பு தூக்கத்துக்குக் கொடுத்த பார்பிட்யூரேட் மருந்துகளில் அளவு கொஞ்சம் மீறினாலே மூச்சு அடங்கிவிடும். அந்தக் காலத்தோடு ஒப்பிட்டால் இவை பெரிய முன்னேற்றம். ஆனால் எத்தனை நாளைக்கு, வேறு எந்த மருந்தோடு சேர்த்து, விடிந்ததும் என்ன வேலை செய்கிற ஆளுக்கு என்று பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து இது. அதை உட்கார்ந்து கேட்க ஒருவர் வேண்டும்.

எங்கள் ஊர் கிளினிக்குகளில் டாக்டர் பார்த்த கையோடு கவுண்டரிலேயே மருந்தும் கொடுத்துவிடுகிறார்கள். வசதிதான், குறை சொல்லவில்லை. ஆனால் அப்பா விஷயத்தில் டாக்டரைப் பார்ப்பதே நாளாவட்டத்தில் நின்றுபோய்விட்டது. கவுண்டரில் இருக்கிற பெண் "பழைய மருந்துதானே அங்கிள்?" என்பார், இவரும் தலையாட்டுவார், சின்ன பிளாஸ்டிக் கவரில் மாத்திரை வந்துவிடும். கவரின் மேல் மலாயில் 'ஊபாட் தீடோர்' (தூக்க மருந்து), கீழே 'மாலம் 1' (இரவு 1). அவ்வளவுதான். மருந்தின் பெயர் அதில் இல்லை. பெயர் எழுதித் தரச் சொல்லிக் கேட்பது நோயாளியின் உரிமை. இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் பெயரில்லாத கவர் இருந்தால் நாளைக்கே போய்க் கேளுங்கள். தூக்கத்துக்கென்று கொடுக்கிற பென்சோடயாசெபைனைப் பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு மேல் நீட்டக் கூடாது என்பதுதான் மருத்துவ வழிகாட்டுதல். அப்பா அந்தக் கெடுவை எப்போதோ தாண்டியிருந்தார். மாத்திரை இல்லாத இரவு கை நடுங்கும், வியர்க்கும், முன்னைவிட மோசமாகத் தூக்கம் கெடும். "பாத்தியா, மாத்திரை இல்லாட்டி எனக்கு முடியல" என்பார். பிறகுதான் தெரிந்தது, அந்த நடுக்கமே மாத்திரைக்கு உடம்பு பழகிப்போனதன் அடையாளம்.

இந்தக் கடைக்கு முதலில் போன் செய்தபோது மருந்தாளர் சொன்னது ஒன்றே ஒன்று. "அக்கா, வீட்ல இருக்கிற எல்லா மருந்தையும் ஒரே பையில போட்டு எடுத்துட்டு வாங்க. டாக்டர் கொடுத்தது, நீங்களா வாங்குனது, நாட்டு மருந்து, தைலம், எல்லாம். அங்கிளையும் கூட்டிட்டு வாங்க."

கூட்டிக்கொண்டு போனோம். கடையின் பின்பக்கம் ஒரு மேசை, மூன்று நாற்காலி. மாத்திரை எண்ணுகிற பச்சைத் தட்டை நடுவில் வைத்து, பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார் அந்தப் பெண். முப்பது வயது இருக்கும், வெள்ளைக் கோட்டு, நல்ல தமிழ். கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் கொடுக்கிற அம்லோடிபின், மெட்ஃபார்மின். லோராசெபாம் கவர்கள், அதில் சிலவற்றில் மீதி மாத்திரைகள். ஒரு பாட்டில் இருமல் மருந்து, முக்கால்வாசி காலி. ஒரு மஞ்சள் மாத்திரை அட்டை. அமுக்கரா சூரணம் ஒரு டப்பா. அப்புறம் அப்பா சட்டைப் பையிலிருந்து தானாகவே ஒரு அட்டையை எடுத்து வைத்தார். நெஞ்சு படபடக்கிறது என்று கெப்போங் பக்கம் இன்னொரு கிளினிக்குக்கு நண்பரோடு போயிருக்கிறார், அங்கே கொடுத்தது. அல்பிரசோலாம் 0.25 மி.கி. அப்படி ஒன்று இருப்பதே வீட்டில் யாருக்கும் தெரியாது.

மருந்தாளர் லோராசெபாமையும் அந்த அட்டையையும் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "அங்கிள், இந்த ரெண்டும் அக்கா தங்கச்சி. பேருதான் வேற. ராத்திரி ஒண்ணு, பகல்ல ஒண்ணுன்னு நீங்க ஒரே மருந்தை ரெண்டு தடவை சாப்பிடுறீங்க." அப்பா முகம் சுருங்கிப் போனது. அவரைத் திட்டவில்லை, என்னையும் திட்டவில்லை. "ரெண்டு டாக்டரும் அவங்கவங்க பார்த்ததுக்குச் சரியாத்தான் கொடுத்திருக்காங்க. ஒருத்தர் கொடுத்தது இன்னொருத்தருக்குத் தெரியாது. அதுக்குத்தான் பையோட வரச் சொன்னேன்" என்றார்.

அடுத்து அந்த மஞ்சள் மாத்திரை. குளோர்ஃபெனிராமின், சளிக்கும் அரிப்புக்கும் எல்லா வீட்டிலும் இருக்கிற அதே சின்ன மஞ்சள் மாத்திரை. அதுவும் தூக்கத்தைத் தரும். இருமல் மருந்தின் லேபிளைத் திருப்பிக் காட்டினார், அதில் டைஃபென்ஹைட்ரமின். அதுவும் அப்படியே. இரண்டையும் அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பியர்ஸ் பட்டியலில், வயதானவர்கள் தவிர்க்க வேண்டிய மருந்துகளோடு சேர்த்திருக்கிறார்கள். பென்சோடயாசெபைன்களும் அதே பட்டியலில் இருக்கின்றன. தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு, இருமலுக்கு இரண்டு மூடி மருந்தும் குடித்துவிட்டுப் படுக்கிற 76 வயது மனிதர், நடுச்சாமத்தில் சிறுநீர் கழிக்க எழுந்தால் என்ன ஆகும்? தடுமாறுவார். அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் அது சாதாரண விஷயம் இல்லை. அமுக்கராவும் தூக்கத்தைக் கூட்டக் கூடியதுதான், அதனால் சூரணத்தையும் தற்போதைக்கு நிறுத்தி வைக்கச் சொன்னார். நாட்டு மருந்தைக் கேவலமாகப் பேசவில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். டப்பாவைத் திருப்பி, MAL என்று தொடங்கிக் கடைசியில் T எழுத்தோடு முடிகிற பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்தார், இருந்தது. பதிவு எண் இல்லாத நாட்டு மருந்தில் ஸ்டீராய்டு கலந்து விற்ற சம்பவங்கள் நம் நாட்டில் உண்டு என்பதால், அந்த எண்ணைப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள் என்று அப்பாவுக்கே எழுத்தைக் காட்டிக் கொடுத்தார்.

பிறகு கேள்விகள். நான் அங்கே பார்த்ததிலேயே சிறந்த சேவை இந்தக் கேள்விகள்தான். குறட்டை விடுவாரா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா? அப்படி இருந்தால் இந்த மாத்திரை மூச்சை இன்னும் மட்டுப்படுத்தும். முட்டிவலிக்கு டிரமடோல் மாதிரி ஏதாவது சாப்பிடுகிறாரா? அந்த வகை வலி மருந்தும் பென்சோடயாசெபைனும் சேர்ந்தால் மூச்சு அடங்கிப் போகலாம் என்று 2016இலேயே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மருந்துத் தாளில் கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்தது. கால் நகப் பூஞ்சைக்குக் கேப்சூல் எடுத்தாரா? இட்ராகொனசோல் சாப்பிடுகிறபோது அல்பிரசோலாம் உடம்பை விட்டுப் போகாமல் தேங்கி நிற்கும், இரண்டையும் சேர்க்கவே கூடாது. வார இறுதியில் பீர்? அப்பா என்னைப் பார்த்தார். "அங்கிள், நான் போலீஸ் இல்ல. குடிக்கிற அன்னிக்கு இந்த மாத்திரை உங்களை எழுப்பாமலே விட்டுடும், அதுக்குத்தான் கேக்குறேன்" என்றதும், நண்பர்களோடு எப்போதாவது ஒரு கேன் என்று ஒத்துக்கொண்டார். அந்தப் பேச்சை நான் பத்து வருஷம் முயன்றிருந்தாலும் அவரிடமிருந்து வாங்கியிருக்க முடியாது.

காலையில் எத்தனை மணிக்கு எழுவார், எழுந்ததும் என்ன செய்வார் என்றும் கேட்டார். அப்பா விடிகாலையில் தன் பழைய கப்சாய் மோட்டாரை எடுத்துக்கொண்டு ஜாலான் ஈப்போ தண்டாயுதபாணி கோயிலுக்குப் போகிறவர். இங்கேதான் மருந்தாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிதானமாக விளக்கினார். லோராசெபாம் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 12 மணி நேரம் ஆகும். இரவு பத்து மணிக்குச் சாப்பிட்டால் காலை பத்து மணிக்கும் பாதி உள்ளே இருக்கிறது. தினமும் சாப்பிட்டால் நேற்றைய மிச்சத்தின் மேல் இன்றைக்குப் புதிதாக ஏறும். தூக்கம் கலைந்துவிட்டது என்பதாலேயே மருந்து இறங்கிவிட்டது என்று ஆகாது. கண் திறந்திருக்கும், கை பிரேக் பிடிக்கத் தாமதமாகும். டயாசெபாம் இன்னும் மோசம், அதன் பாதிக் காலமே ஒரு நாளைத் தாண்டும், அது உடம்பில் மாறி உண்டாகிற பொருள் அதைவிட நீண்ட நேரம் தங்கும், வயதானவர்களுக்கு இன்னும் கூடும். நம் நாட்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் 1987 மது குடித்து ஓட்டுவதை மட்டும் தடுக்கவில்லை, மருந்தின் மயக்கத்தில் ஓட்டுவதும் அதே பிரிவில்தான் வருகிறது. அரசாங்க மருத்துவமனை மருந்துக் கவர்களில் 'மெங்கந்தோக்' என்று ஒரு வார்த்தை இருக்கும், கவனித்திருப்பீர்கள். மருந்து தூக்கம் வரவைக்கும், பாதித்தால் வண்டி ஓட்டாதே என்பது அதன் செய்தி. அப்பாவுக்கு மலாய் பேச வரும், படிக்க வராது.

இந்தக் கடை அதற்காகவே தமிழில் எழுதி ஒட்டுகிறது. கணினியில் அச்சடித்த லேபிளுக்குக் கீழே வெள்ளை ஸ்டிக்கர், அதில் பெரிய எழுத்தில் கையால்: "லோராசெபாம். படுக்கப் போகும்போது மட்டும். நடு ராத்திரியில் இரண்டாவது வேண்டாம். காலையில் மோட்டார் வேண்டாம். பீர் வேண்டாம். மஞ்சள் மாத்திரை வேண்டாம்." அப்பா அதை வாய்விட்டுப் படித்தார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர், அந்தப் படிப்பு அவருக்கு இப்போது கை கொடுத்தது. தனக்குக் கொடுத்த மருந்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு மனிதர் தானே படித்துத் தெரிந்துகொள்வது பெரிய விஷயம். நம் ஊரில் இதை எல்லா மருந்துக் கடையும் செய்ய வேண்டும், செய்ய முடியும், ஒரு ஸ்டிக்கரும் ஒரு நிமிஷமும்தான் செலவு.

மருந்தாளர் எதையும் தானே நிறுத்தவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் படித்துவிட்டு யாராவது வீட்டில் போய் மாத்திரையைப் பறித்துக் குப்பையில் போட்டுவிடக் கூடாது. நீண்ட நாளாகச் சாப்பிட்டவர் ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். 2020இல் அதே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்த வகை மருந்துகள் எல்லாவற்றிலும் எச்சரிக்கைக் கட்டத்தைப் புதுப்பித்தபோது, பழக்கமாவதையும் திடீரென நிறுத்துவதால் வரும் ஆபத்தையும் அதில் சேர்த்தது. எங்கள் மருந்தாளர் அப்பாவின் மருந்துகளை எல்லாம் ஒரு தாளில் எழுதி, லோராசெபாம் கொடுத்த டாக்டருக்கு மரியாதையான ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தோடு போனதும் டாக்டர் அப்பாவை உட்கார வைத்துப் பார்த்தார். அல்பிரசோலாமை எப்படி விடுவது, லோராசெபாமை எத்தனை வாரத்தில் எவ்வளவு குறைப்பது என்று அவர்தான் முடிவு செய்தார். மெதுவாக, சில வாரங்களுக்கு ஒருமுறை சிறு சிறு அளவாக. அந்த அளவை நான் இங்கே எழுதப் போவதில்லை, அது அப்பாவின் வயதுக்கும் உடம்புக்கும் போட்ட கணக்கு, உங்கள் வீட்டு ஆளுக்குப் பொருந்தாது.

டாக்டர் சொன்னதை மருந்தாளர் நாள்காட்டியாக்கினார். மாத்திரை வெட்டுகிற சின்னக் கருவியில் கோடு பார்த்து வைத்து அழுத்தி, பாதிகளை ஏழு கட்டம் போட்ட வாரப் பெட்டியில் நிரப்பிக் கொடுத்தார். வீட்டில் கத்தியால் வெட்டினால் ஒரு பாதி பெரிசாகவும் மறு பாதி பொடியாகவும் போகும். எண்ணிக்கையைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார், அப்பாவின் ஐசி (அடையாள அட்டை) எண்ணோடு. இவை விஷப்பொருள் சட்டத்தின் கீழ், மனநிலையைப் பாதிக்கும் மருந்துகளுக்கான 1989ஆம் ஆண்டு விதிமுறைக்குள் வருகிற மருந்துகள், கடைக்காரர் கணக்கு வைத்தே ஆக வேண்டும். டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கிற கடை இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குகிறவர்களுக்கும் அதுவேதான். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

கனடாவின் கியூபெக்கில் நடந்த ஓர் ஆய்வைப் பற்றி மருந்தாளர் சொன்னார், பிறகு நானே தேடிப் படித்தேன். 2014இல் வெளியானது. நீண்ட நாளாக பென்சோடயாசெபைன் சாப்பிடுகிற முதியவர்களுக்கு, மருந்துக் கடைகள் வழியாக, இந்த மருந்தின் ஆபத்தையும் படிப்படியாகக் குறைக்கிற முறையையும் எளிய மொழியில் விளக்குகிற ஒரு கையேட்டைக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் அதைப் படித்தவர்களில் 27 சதவீதம் பேர் மருந்தை முழுதாக விட்டுவிட்டார்கள். கையேடு கிடைக்காதவர்களில் 5 சதவீதம். புரிகிற மொழியில் எழுதிய ஒரு கையேட்டுக்கே இவ்வளவு பலன். நம் முதியவர்களுக்குத் தமிழில் அப்படி ஒன்று ஒவ்வொரு கவுண்டரிலும் இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அலுவலகத் தோழி ஒருத்தியையும் பிறகு இங்கே கூட்டிப் போனேன். அவள் சாப்பிடுவது ஸோல்பிடெம், பென்சோடயாசெபைன் இல்லை, ஆனால் மூளையில் அதே இடத்தில் வேலை செய்கிற மருந்து. காலையில் எழுந்தால் அடுப்பங்கரையில் மேகி மீ கிண்டிய சட்டி கிடக்கும், அடுப்பைப் பற்றவைத்த ஞாபகமே அவளுக்கு இருக்காது. வேலைக் களைப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தாள். மருந்தாளர் அதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். தூக்கத்திலேயே நடப்பது, சமைப்பது, வண்டி ஓட்டுவது இந்த மருந்தில் நடக்கக் கூடியது. 2019இல் அமெரிக்காவில் இதற்காகவே மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தார்கள். ஒரு தடவை நடந்தாலும் மாத்திரையை அத்தோடு நிறுத்த வேண்டும் என்று சொல்லி, அன்றைக்கே டாக்டரைப் பார்க்க அனுப்பினார். கூடவே இன்னொன்றும் சொன்னார். பெண்களின் உடம்பில் ஸோல்பிடெம் மெதுவாகத்தான் கரைகிறது, அதனால் 2013இல் அமெரிக்காவில் பெண்களுக்கான அளவை 10இலிருந்து 5 மி.கி. ஆகக் குறைத்தார்கள். படுத்தால் ஏழெட்டு மணி நேரம் தூங்க வழியிருக்கிற இரவில் மட்டும்தான் சாப்பிட வேண்டும். இவள் பின்னிரவு வரை வேலை பார்த்துவிட்டு மாத்திரை போட்டு, விடிந்ததும் கார் எடுக்கிறவள்.

தூக்கத்தைப் பற்றிய பேச்சும் உண்டு. அப்பா மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்குவார், மாலையில் மாமாக் கடையில் கோப்பி, இரவில் கையில் போன். மருந்தாளர் கோப்பியைக் காலைக்கு மாற்றினார், பகல் தூக்கத்தைச் சுருக்கச் சொன்னார், தூக்கம் வராவிட்டால் படுக்கையில் புரளாமல் எழுந்து வந்து உட்காரச் சொன்னார். நீண்ட நாள் தூக்கமின்மைக்கு மாத்திரையைவிட முதலில் தர வேண்டியது, எண்ணங்களையும் பழக்கங்களையும் திருத்துகிற சிகிச்சைதான் என்று 2016இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு பரிந்துரைத்திருக்கிறது. அதற்கு அரசாங்க மருத்துவமனை மனநலப் பிரிவில் கேட்டுப் பாருங்கள் என்று வழியும் சொன்னார். அம்மாவைப் பற்றி அப்பா அங்கே பேசினார். மருந்தாளர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

குறைகளும் இருக்கின்றன. மருந்தாளர் ஒருவர்தான். அவர் சாப்பிடப் போனால் டாக்டர் சீட்டு மருந்து எதுவும் கொடுக்க மாட்டார்கள். அது சட்டப்படி சரி, ஆனால் வெயிலில் வந்தவர்கள் காத்திருந்து முணுமுணுப்பார்கள். பின்பக்க மேசைக்கும் கடைக்கும் நடுவில் ஒரு துணித் திரை மட்டும். அப்பா பீர் பற்றிச் சொன்னது கவுண்டரில் நின்ற பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கும் கேட்டிருக்கும். குடும்ப விஷயம் பேசுகிற இடத்துக்கு ஒரு கதவு போட வேண்டும், இதை அவரிடமே சொல்லிவிட்டேன். தமிழ் ஸ்டிக்கரைப் பேனாவால் எழுதுகிறார், ஈரக்கை பட்டால் எழுத்து கரைகிறது. மேலே செலோடேப் ஒட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். மாத்திரை விலை பெரிய கடைகளைவிடச் சற்றுக் கூடுதல்தான். 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்துக் கடைகளும் விலையைக் காட்டி வைக்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டதால் ஒப்பிட்டுப் பார்ப்பது சுலபம். பையைக் கொட்டி உட்கார்ந்து பேசுவதற்கு அவர்கள் காசு வாங்குவதில்லை. எனக்கு அந்தக் கூடுதல் சில வெள்ளி பெரிதாகத் தெரியவில்லை.

எங்களுக்கு மருந்து கொடுத்தபோது பெட்டியின் மூடியில் இரண்டு எண்களை ஒட்டினார்கள். ஒன்று 999. இன்னொன்று தேசிய நச்சு மையம், 1-800-88-8099. பினாங்கில், யுனிவர்சிட்டி சைன்ஸ் மலேசியா வளாகத்தில் இயங்குகிறது, அழைப்புக்குக் காசில்லை. யாராவது தெரியாமல் கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டால் அங்கே கேட்கலாம். எழுப்பினால் எழவில்லை, மூச்சு மெதுவாக வருகிறது, உதடு நீலமாகிறது என்றால் யோசிக்காமல் 999. அப்போது மாத்திரை அட்டையையும் ஆம்புலன்ஸ்காரரிடம் கொடுக்க வேண்டும். வீட்டில் என் அண்ணன் பேரன் தவழ்கிற வயது, அதனால் பெட்டியைப் பூட்டுகிற அலமாரியில் வைக்கச் சொன்னார்கள். மேல் தளத்து ஆன்ட்டி "எனக்கும் தூக்கமே வரல, ஒண்ணு கொடேன்" என்று கேட்டபோது அப்பாவே மறுத்துவிட்டார், கடை இருக்கிற இடத்தை மட்டும் சொல்லி அனுப்பினார். சாப்பிடாமல் மிஞ்சின மாத்திரைகளை அரசாங்க மருத்துவமனை மருந்தகத்தில் திருப்பிக் கொடுத்துவிடலாம், கழிவறையில் கொட்ட வேண்டாம்.

அப்பா இன்னும் குறைத்துக்கொண்டிருக்கிறார். சில இரவுகள் நன்றாகப் போகின்றன, சில இரவுகள் இல்லை. அளவு குறைந்த வாரத்தில் எரிச்சலாக இருப்பார். அதையும் மருந்தாளர் முன்கூட்டியே எங்களிடம் சொல்லியிருந்தார், முடியாமல் போனால் டாக்டரிடம் சொல்லி அந்த அளவிலேயே கொஞ்ச நாள் நிற்கலாம் என்றும் சொல்லியிருந்தார். கோயிலுக்கு இப்போது தம்பி காரில் கூட்டிப் போகிறான்.

போகிறவர்களுக்கு: காலை நேரம் நல்லது, மதியம் கூட்டம். கடைக்கு முன்னால் கார் நிறுத்த இடம் கிடைக்காது, எல்ஆர்டியில் வருவதே மேல். ஞாயிற்றுக்கிழமை கடை திறந்திருக்கும், மருந்தாளர் இருக்க மாட்டார். போகுமுன் போன் போட்டு, மருந்துப் பையோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்று சொல்லிவிடுங்கள், நேரம் ஒதுக்கித் தருவார். கிளினிக் கெசிஹாத்தான் மருந்துப் புத்தகம், கடைசி இரத்தப் பரிசோதனைத் தாள், ஐசி, பழைய கவர்கள் காலியாக இருந்தாலும் சரி, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். மாத்திரை சாப்பிடுகிறவரையும் கட்டாயம் கூட்டிப் போங்கள், அவர் சட்டைப் பையில் என்ன இருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.